அழாத பிள்ளை

11-6-67, ஞாயிறு
பிலோமிக்குத் தொண்டை அடைப்பான். தொத்துநோய் வார்டில் சேர்த்துவிட்டு வந்தோம். பெற்றவளையும் உள்ளே விட மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாமாம். மூன்று வயசுகூட ஆகாத பிள்ளைக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? அவள் கதறியது வாசல் கேட் வரைக்கும் கேட்டது. ராயபுரம் வீடு வரும்வரை அவள் அப்பா ஜேக்கப் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

18-6-67
கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் ஒரே அழுகை. மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்துவிட்டது. ஆயா கெங்கம்மா என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். "நீ வந்தாத்தாம்மா பேஜாரு. மத்த நாள்ல கொயந்த கம்முனு கீது. வராத இரு, சீக்கிரம் தேறிடும்." நல்ல மனசோடுதான் சொன்னாள். இனி போவதில்லை. பிள்ளை நல்லதுக்குத்தானே?

25-6-67
போகவில்லை. பூசையில் மனசு நிற்கவில்லை.

2-7-67
ஜேக்கப் மட்டும் போய் வந்தார். "சிரிச்சினு கீதுடி. எல்லார்கிட்டயும் போவுது." அப்பாடா! என் ராசாத்தி சமத்து என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

3-7-67
நாத்தனார் ஆலிஸ் காலேஜில் மனோதத்துவம் படிக்கிறாள். அவளிடமும் பீற்றினேன். முகம் மாறிப்போச்சு. லண்டனில் ஆசுபத்திரிப் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்து எழுதியிருக்கிறார்களாம். "முதல்ல கத்துமாம் அண்ணி, அப்புறம் சுருண்டு போகுமாம். அதுக்கப்புறம் யாரப் பாத்தாலும் சிரிக்குமாம். தேறிடுச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்களாம். ஆனா மனசுல அம்மாவ விட்டுடுச்சுன்னு அர்த்தமாம்."

எனக்கு வந்ததே கோபம்! வெள்ளைக்காரி பெத்தது வேற, நான் பெத்தது வேற, உன் படிப்பக் கொண்டுபோய்க் காசிமேட்டுக் கடல்ல போடுன்னு கத்திட்டேன். அழுதுகொண்டே மாடிக்குப் போனாள்.

12-7-67
பிலோமி வீட்டுக்கு வந்துவிட்டாள். பூரண குணம். கெங்கம்மா இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு, கூடை மாற்றுகிற மாதிரி வந்தாள். அழவில்லை. மீன்காரி தூக்கினாலும் சிரிக்கிறாள், நான் தூக்கினாலும் அதே சிரிப்பு. அம்மா என்று ஒரு வார்த்தை? கிடையாது.

15-7-67
கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். முன்னெல்லாம் வாசப்படி தாண்ட விடமாட்டா. இன்னைக்குத் தலையக்கூடத் தூக்கல, சொப்பு வச்சு வெளையாடிகினு இருக்கா. நான் பெத்தவளா, வேலக்காரியா? ஏசுவே, யார் பேச்சக் கேட்டு நான் போகாம இருந்தேன்?

16-7-67
ஆலிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு உன் புத்தகத்தில் வைத்தியம் உண்டா என்றேன். "எங்கேயும் போகாதீங்க அண்ணி. கூடவே இருங்க." இவ்வளவுதானா? இதற்கா காலேஜ்?

29-7-67
குழாயடியில் தகராறு. தண்ணீர் பிடித்துவர நேரமாகிவிட்டது. குடத்தை இறக்குவதற்குள் பிலோமி ஓடிவந்தாள். இரண்டு கையாலும் என் காலில் அடித்தாள். குனிந்து தூக்கினால் கையைக் கடித்துவிட்டாள். ஜேக்கப் "இன்னா பொண்ணு இது!" என்று பிடித்து இழுக்க வந்தார். "வுடுய்யா, அடிக்கட்டும்" என்றேன்.

அடித்து ஓய்ந்ததும் முகத்தை என் கழுத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். "நீ ஏம்மா வர்ல?"

குழாயடியைக் கேட்கவில்லை அவள். ஆசுபத்திரியைக் கேட்டாள். வந்துட்டேன்டி, வந்துட்டேன்டின்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிகினு இருந்தேன்.