இருபத்து மூன்றாவது அட்டை

மார்ச் 4

அன்புள்ள வக்கீலுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ ஆலோசகராக இருக்கும் வீடியோ கேம் கம்பெனிக்காக நீ கேட்ட ஊர்ப்பெயர்கள் இத்துடன் வருகின்றன. பெயருக்கு ஓர் அட்டை: லத்தீன் வேர்ச்சொல், பொருள், ஊரைப் பற்றி ஒரு வரி. 'உம்ப்ரா' என்றால் நிழல். மலையின் வடக்குச் சரிவில் இருக்கட்டும். 'மோரா', தாமதம், படகுத்துறைக்குப் பொருந்தும். நீ எனக்கு வைத்த பட்டப்பெயருக்கேற்ப, ஐயமுள்ளவற்றில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். நாற்பதில் முப்பத்தொன்பதில் இருக்கிறது.

இல்லாதது இருபத்து மூன்று: 'ஃபெனெஸ்ட்ரா', ஜன்னல். என் மனைவி போவதற்கு முன் படுக்கையிலிருந்தே தன் கையால் எழுதியது. அதை விளையாட்டில் சேர்க்காதே. வரிசை கெடக்கூடாதென்றுதான் வைத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடு.

சந்தேகம்

மார்ச் 29

டேய் சந்தேகம்,

எல்லாத்தையும் தள்ளிட்டாங்கடா. "ரொம்பப் பழசா இருக்கு சார்"னு ஒரே போடு. ஒரே காலேஜ்ல முப்பது வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவங்க நாம, இவங்களுக்கு எங்கே புரியப்போகுது! நீ எனக்கு வெச்ச பட்டப்பேருக்கு ஏத்த மாதிரி தொண்டை வத்த வாதாடிப் பார்த்தேன். அட்டைகளையும் தொலைச்சுட்டாங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதே.

வக்கீல்

நவம்பர் 11

அன்புள்ள வக்கீலுக்கு,

பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எட்டு மாதமாக அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று என் மகள் புது விளையாட்டு ஒன்றை டிவியில் போட்டாள். வடக்குச் சரிவில் உம்ப்ரா. படகுத்துறையில் மோரா. பிறகு குன்றின் மேல் ஓர் ஊர். அதன் வாசலில் நின்றதும் திரையில் எழுத்து வந்தது: 'ஃபெனெஸ்ட்ரா. எப்போதும் தாமதமாக வருகிறவனுக்காக ஒருத்தி விளக்கோடு உட்கார்ந்திருக்கும் ஜன்னல்.'

"அப்பா, இது அம்மா எழுதினதாச்சே?" என்றாள்.

முடிவில் பெயர்கள் ஓடின. 'ஊர்ப்பெயர்கள்' என்பதற்கு எதிரே உன் பெயர் மட்டும். நான் தப்பாகப் படித்திருக்கலாமென்று இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.

ஏதாவது காரணம் இருக்கும். எழுது.

சந்தேகம்

நவம்பர் 20

டேய் சந்தேகம்,

பேர் போட ஒரே இடம்தான்டா கொடுத்தாங்க. மேடைக்குக் கூப்பிட்டா நீ வருவியா? வகுப்புல பேர் கூப்பிடவே உனக்குக் குரல் நடுங்கும். முன்னாடியே சொன்னா நீ நொந்துபோவேன்னுதான் அப்படி எழுதினேன். அட்டையெல்லாம் என் அலமாரியில பத்திரமா இருக்கு. உன் வீட்டம்மா வரிதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது, சந்தோஷப்படு!

ரெண்டாம் பாகம் வருது. இன்னும் நாற்பது வேணும், மாசக் கடைசிக்குள்ளே. உன்னை விட்டா எனக்கு யாருடா?

வக்கீல்

நவம்பர் 30

ஐயா,

கேட்டபடி அட்டைகளை அனுப்பியிருக்கிறேன். எண்களைத் தவிர அவற்றில் ஒன்றும் எழுதவில்லை. மொத்தம் முப்பத்தொன்பது. இருபத்து மூன்று உங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஐம்பது வருஷமாக நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் அவள் அட்டையை மட்டும் போடுங்கள். கடிதம் வேண்டாம்.