ஓடு, ஓடுங்க

அன்பு மகள் தரணிக்கு,

உன் அம்மா பழனியம்மாள் எழுதுவது. போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும். அதனால் இதை முறுக்கு டப்பாவுக்குள் வைத்து பெங்களூர் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். படங்களுக்குத் தானாகப் பேர் மாற்ற நீ எழுதி அனுப்பிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டுக்கு odu என்று பேர் வைத்திருந்தாய். அதைக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் அடிக்கச் சொன்னாய். அத்தனை வேலை செய்யப்போகிறவரை ஓடு என்று எப்படிக் கண்ணு ஏவுவது? odunga என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று இங்கிலீஷில் முகத்தில் அடித்தது. போனில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, “சரிம்மா, மரியாதையாச் சொன்னாலும் கேக்கட்டும்” என்று இன்னொரு வரி அடிக்க வைத்து அந்தப் பேரையும் சேர்த்தாயே, அங்கேதான் நீ என் மகள்.

அன்றைக்கு நிலைமை உனக்குத் தெரியும். காதர்பேட்டை வியாபாரிக்கு நம் பனியன் டிசைன் படம் எல்லாமும் நம்பரோடு சாயங்காலத்துக்குள் போக வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு. படம் எடுத்த ஜெயபாண்டி ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். உன் அப்பா காலையிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அது இருக்கிற டிசைன் ஃபோல்டரின் நம்பரைப் பேராக மாற்றிக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது. “பொட்டி தட்டறவ சொன்னா எல்லாம் நடந்துருமாக்கு” என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

odunga என்று மறுபடி அடித்தேன். எடுத்த எடுப்பில் எதையும் மாற்றவில்லை சாமி. எந்தப் படத்துக்கு எந்த ஃபோல்டர் நம்பரை வைக்கப்போகிறது என்று வரிவரியாகச் சொல்லிக் காட்டியது, துணியில் கத்தி வைக்கும் முன் கட்டிங் மாஸ்டர் கோடு போட்டுக் காட்டுகிற மாதிரி. சரியா என்று கேட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற நான் படிக்காமலே சரி என்பதற்கு y தட்டிவிட்டேன். நீ அதில் எழுதிய ஒரு நட்சத்திரக் குறிக்குள் அத்தனை படமும் அடங்குமாமே! ஒன்றை எடுக்கிறது, பேர் வைக்கிறது, அடுத்ததை எடுக்கிறது. செக்கிங் டேபிளில் பத்துப் பெண்கள் செய்கிற வேலை, டீ கேட்காமல், தும்மி முடிப்பதற்குள் முடிந்தது.

உன் அப்பா எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“இத நம்ம பாப்பாவா எழுதுச்சு?” என்றார்.

“இல்லீங்க, பக்கத்து ஊட்டுப் பாப்பா” என்றேன்.

முறைத்தார். பிறகு, “அது சாப்புட்டுச்சான்னு கேளு” என்றார். கம்பெனியை விட்டுவிட்டு நீ பெங்களூர் போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான் கண்ணு.

நோம்பிக்கு ஊரே கூடும், நீயும் வந்துவிட்டுப் போ. வா என்ற சொல் அவர் வாயில் வராது. அவருக்கும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தால் வருமோ என்னவோ. மவராசியா இரு சாமி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா

பின்குறிப்பு: ஆர்டர் நமக்கே கிடைத்துவிட்டது. கடைசிப் படத்தில் உள்ள பனியன் மட்டும் கூடுதலாக வேண்டுமாம். அது என் போனிலிருந்து தவறிப் போய்ச் சேர்ந்த படம். உன் அப்பா தோசை திருப்புகிறார். போட்டிருப்பது நம் கம்பெனி பனியன் இல்லை.