பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளவும்

அன்புள்ள ஷிஹோவுக்கு,

அப்பா எழுதுவது. மலைப்பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது. உன் அம்மா ஊறுகாய்க்காக முள்ளங்கிகளைக் கட்டி மாடி முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறாள். என் சட்டைகளுக்குக் காய இடமில்லை. கடிதத்தைப் பருவகாலத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்கிற மரியாதை இத்துடன் முடிந்தது.

போனில் நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை. கோபத்தில் மூலையில் எறிந்தாலும், வீடு பெருக்கும்போதாவது எடுத்துப் படிப்பாய்.

அம்மா நலம். அவள் நாக்கு அதைவிட நலம். எங்கள் ஓட்டுநர் பள்ளியில் இப்போது ஓட்டக் கற்க வரும் இளசுகளைவிட, உரிமம் புதுப்பிக்க வரும் கிழங்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு அம்மாள் வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டு, "நீங்க நடுவுல பிரேக் போட்டீங்க தம்பி, அதான் ஏறிடுச்சு" என்றார். வாழ்நாளில் பாதியை இடது இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே கழித்தவன் நான். நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. வீட்டிலும் இதே கதைதான். "ஏங்க, அவ வண்டிய அவ ஓட்டட்டும். உங்க காலக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்குங்க" என்கிறாள் உன் அம்மா.

உன் வண்டி எங்கே போகிறது என்று பார்த்தாயா என்பதுதான் என் கேள்வி. புத்தாண்டன்று ஒட்டும் அரிசி உருண்டை சாப்பிட்டுக்கொண்டே, ஃபுகுஓகா ஆஸ்பத்திரி மருந்தக வேலையை விட்டுவிட்டு முரகி என்பவனைக் கட்டிக்கொண்டு அந்த மலை ஊரில் குடியேறப் போவதாகச் சொன்னாய். பிள்ளைகளே இல்லை என்று பள்ளிக்கூடத்தை மூடிக் கலைக்கூடம் ஆக்கிய ஊர் அது. அந்தப் பள்ளிக்கூடத்து மாடியிலேயே படுத்துக்கொண்டு, பனியள்ளிக்கொண்டு, அதைக் கலை என்று சொல்கிறவன் அவன். அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். நீ கோட்டை மாட்டிக்கொண்டே, "அவரைப் பாக்க வேண்டாம்ப்பா. அவர் செஞ்சதப் போய்ப் பாருங்க. பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றாய்.

பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்று சொல்லலாமா என்பதுதான் சிக்கல்.

முதல் தடவை போனது மார்ச்சில், அம்மாவுக்குக்கூடத் தெரியாமல். புதுப் பனி டயரைச் சோதிக்கிறேன் என்று சொல்லி ஓட்டுநர் பள்ளி வண்டியை எடுத்துக்கொண்டேன். வழி நெடுகக் கலைதான். வயல் நடுவில் யானை உயரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி, பனியில் கால் புதைந்து நிற்கிறது. நம் மாகாணத்தில் எது நின்றுபோனாலும் கலை ஆகிவிடுகிறது. ரயில் நின்றால் கலை, தபால் நிலையம் மூடினால் கலை. நான் ஓய்வு பெற்றதும் என்னையும் எங்காவது நிறுத்தி வைப்பார்கள்.

போய்ச் சேர்ந்தால் கதவில் பலகை: ஏப்ரல் கடைசி வரை குளிர்கால விடுமுறை. ஆள் உயரப் பனிக்கு நடுவே நின்று, கதவைப் பார்த்துக் கத்தினேன். கலையைப் பற்றி, திறப்பு நேரங்களைப் பற்றி, குறிப்பாக ஒரு மனிதனைப் பற்றி. கத்திக்கொண்டிருக்கும்போதே தேவதாரு மகரந்தம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் என் கீழ்வரிசைப் பல்செட் வெளியே பாய்ந்து பனியில் புதைந்தது. கையால் தோண்டினேன், காலால் தோண்டினேன். தோண்டத் தோண்டப் பனி சரிந்து குழியை மூடியது. கடைசியில் பொக்கை வாயோடு திரும்பினேன். நூடுல்ஸ் கடையில் வாய் கொப்பளிக்கும்போது தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்தக் கடைக்கு இரண்டு தடவை போன் போட்டு அவர்களைத் திட்டினாள். அந்தக் கடைப்பக்கம் நான் இன்னும் தலைகாட்டவில்லை.

புதுசாகக் கட்டிய பல்செட் சரியில்லை. "நிறுத்துங்க" என்று கத்தினால் கட்டளைக்கு முன்னால் பல் வருகிறது. ஆகஸ்டில் நீ முன்னோர் கல்லறைக்கு விளக்கேற்ற வந்து, என்னோடு பேசாமல் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போனாயே, அப்போது நான் சோளக்கதிரைக் கடிக்க முடியாமல் கத்தியால் சீவித் தின்றதைப் பார்த்து, "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று அம்மாவிடம் கேட்டாய். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது தடவை ஜூலையில், அம்மாவோடு. மழை. கலைக்கூடத்து வாசலில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பலகையைப் படித்தாள். "செவ்வாயும் புதனும் விடுமுறைன்னு போட்டிருக்கு. இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்றாள். எனக்கு வாரத்தில் புதன் ஒன்றுதான் விடுமுறை. அது அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசாமல் சிரித்துக்கொண்டே வந்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

மூன்றாவது தடவை, போன சனிக்கிழமை, லீவு போட்டுவிட்டுப் போனேன். மறுநாளோடு இந்த வருஷத்துக்கு அடைப்பு. வாசலில் ஷூவைக் கழற்றி, உள்ளே நடக்க அவர்கள் கொடுத்த ஸ்லிப்பரைப் போட்டுக்கொண்டேன். குதிகால் முழுக்க வெளியே. டிக்கெட் கொடுத்த இடத்திலேயே அவன் உட்கார்ந்திருந்தான். நீ அனுப்பிய படத்தை அம்மா ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள், பால் எடுக்கும்போதெல்லாம் நான் அந்த முகத்தில்தான் விழிக்கிறேன். படத்தைவிட ஒல்லி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒரு விநாடி அதிகமாகவே குனிந்தான். என்னைத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவனைத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஆட்களின் சங்கடம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் யாரென்று சொன்னால் அவன் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். செய்துகொண்டால் மண்டி போட்டு உன்னைப் பெண் கேட்க வேண்டும். கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவன் "பெரியவங்க ஒரு டிக்கெட்டா சார்?" என்றான். நான் "ஆமா, ஒண்ணு" என்றேன். இரண்டு பேரும் பிழைத்தோம்.

அவன் வேலைப்பாடு உடற்பயிற்சிக் கூடத்தில். பெயர் "ஏப்ரல்". கதவைத் திறந்தால் பெரிய வெள்ளைத் தரை. அதில் ஒன்றுமில்லை. காசு கொடுத்து மூன்று தடவை மலையேறி வந்தவனுக்கு ஒன்றுமில்லை. அறிமுகத் தாளில் "இன்மையின் நிறைவு" என்று போட்டிருந்தது. இன்மை எனக்குத் தெரியாததா, அதை வழுக்கைத் தலையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவன் நான். என் எரிச்சலை முகத்தில் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்து மெதுவாக விளக்கினான். "பனி உருகறப்போ ஊர்ல தொலைஞ்சது எல்லாம் வெளிய வரும் சார். கையுறை, சாவி, மண்வெட்டி, இப்படி. எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்து இங்க பரப்பி வெப்பேன். யாரோடதோ அவங்க வந்து பேரச் சொல்லி எடுத்துட்டுப் போவாங்க. ஏப்ரல்ல கால் வைக்க இடமிருக்காது. இப்ப பாருங்க, அநேகமா எல்லாம் போயிடுச்சு" என்றான். காலியானதில் அவனுக்குச் சந்தோஷம். அறை காலியாவதைக் கண்டு சந்தோஷப்படுகிற ஒரு ஆளிடம் என் பெண் பிழைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அநேகமாக என்றானே, அதைக் கவனி. தூரத்து மூலையில் இரண்டு பொருள்கள் மிச்சமிருந்தன. ஒன்று, ஒற்றை ரப்பர் பூட்ஸ். இன்னொன்று கண்ணாடித் தம்ளர் தண்ணீரில், மேலிருந்து விளக்கு வெளிச்சம் விழ, என் பல்செட்.

சந்தேகமே வேண்டாம். அதன் இடது கொக்கியை இடுக்கியால் நானே வளைத்திருக்கிறேன்.

டோக்கியோவிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி அதன் முன்னால் நின்றது. பையன் தாடையைத் தடவிக்கொண்டு, "இது முதுமையப் பத்தினது" என்றான். பெண், "இல்ல, பசியப் பத்தினது" என்றாள். பிறகு படம் எடுத்துக்கொண்டார்கள். ஷிஹோ, உன் அப்பாவின் பல் இப்போது டோக்கியோவில் யார் யார் போனிலோ இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வயற்காட்டு உடையில் ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். "தம்பி, என் பூட்ஸு இருக்கா? இங்க கெடக்கட்டும், பத்திரமா இருக்கும்னுதான் இத்தினி நாளா விட்டு வெச்சேன். இனி பனி வந்துரும், குடு" என்றாள். அவளை அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நேராக நின்று, பெயர் சொல்லச் சொன்னான். அவள் "யமாகிஷி தொமிஎ. நேத்து ராத்திரி உனக்குக் குழம்பு குடுத்தவ" என்று கூடமே அதிரச் சொன்னாள். அவன் குனிந்து வணங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். போகும்போது அவள் தம்ளரைக் காட்டி, "இந்தப் பல்லு யாருதுன்னு இன்னுமா தெரியல? ஊர்ல பல்லு கட்டினவங்க எல்லாரையும் கேட்டாச்சே. என் கொழுந்தன் போட்டே பாத்தான், சேரல" என்றாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். முரகி என் பக்கம் திரும்பாமல், "நல்லாக் கழுவி வெச்சிருக்கேன்" என்றான். அவளிடம் சொல்வது போலத்தான் சொன்னான். பிறகு, "சொந்தக்காரர் வருவாரு. ஊர்க்காரர் இல்ல, தூரத்துலேர்ந்து வரணும், அவ்வளவுதான்" என்றான்.

நான் கழிவறைக்குள் ஓடிவிட்டேன். ஒரு பெயரைச் சொன்னால் பல் கிடைக்கும். அதே பெயரைச் சொன்னால் பெண் போய்விடும். அங்கேயே நின்று கைகழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வெள்ளைத் தரையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். கழிவறைக்குள் மட்டும் போட வேண்டிய ஸ்லிப்பர். நீலப் பிளாஸ்டிக்கில் பெரிய எழுத்தில் "கழிவறை" என்று எழுதியது. அதைப் போட்டுக்கொண்டு கலைக்கு நடுவே நிற்கிறேன், அந்த டோக்கியோ ஜோடி அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இதற்கு நம் நாட்டில் மன்னிப்பே கிடையாது என்று உனக்குத் தெரியும்.

அவன் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அங்க பாருங்க, மலை மேல பனி தெரியுது" என்றான். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். குனிந்தவன் எழுந்தபோது என் காலடியில் வேறு ஸ்லிப்பர் இருந்தது, போட வாகாகத் திருப்பி வைத்தபடி. நீலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் பெயரைச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு அடைச்சிடுவோம் சார். மிச்சம் இருக்கறத நான் வெச்சிருப்பேன்" என்றான். நான், "பரவால்ல, இடம் நல்லா இருக்கு. கொஞ்சம் காலியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில், சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோதுதான் ஞாபகம் வந்தது. மார்ச்சில் நான் போனது ஓட்டுநர் பள்ளி வண்டியில். கூரையில் பள்ளியின் பெயர், கதவு முழுக்க போன் நம்பர். மாடியில் படுத்துக் கிடந்தவன் மொத்தத்தையும் பார்த்திருக்கிறான், கேட்டும் இருக்கிறான். அவனைப் பற்றி நான் கதவிடம் சொன்ன எதையும் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. பல் கிடைத்த அன்றே அவன் உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் வருஷம் பூரா சிரித்திருக்கலாம். நியாயமாக நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் ஆகஸ்டில் நீ அம்மாவிடம் என்ன கேட்டாய் என்று மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படி. உனக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கடிதம் வரும்வரை தெரியாது. என்னை அவமானப்படுத்த இவ்வளவு நல்ல சாமான் கையில் இருந்தும், அதைக் கழுவித் தண்ணீர் மாற்றி, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

எரிச்சலாக வருகிறது. குறை சொல்லத்தான் மூன்று தடவை போனேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூடுல்ஸ் கடை விஷயத்துக்கு முதலில் திட்டினாள். பிறகு ஃப்ரிட்ஜ் முன்னால் போய், அந்தப் படத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். பால் எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். வருஷம் முடியப் போகிறது. புத்தாண்டு அரிசி உருண்டையை இந்தப் புதுப் பல்லை வைத்துக்கொண்டு தின்றால், வருஷா வருஷம் தொண்டை அடைத்துப் போய்ச்சேர்கிற கிழங்களோடு நானும் செய்தித்தாளில் வருவேன். என் சாமான் அவனிடம் இருக்கிறது. நான் நாலாவது தடவை மலையேற மாட்டேன். அவனையே கொண்டு வரச் சொல். தபாலில் அனுப்பக் கூடாது, உடைந்துவிடும். நேரில், முன்வாசல் வழியாக. நீயும் கூட வா. பெயர் சொன்னால்தான் கொடுப்பான் என்பது அவன் சட்டம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. என் வீட்டில் வைத்து என் பெயரைச் சொல்கிறேன். அவனும் கேட்க நினைப்பதைக் கேட்கட்டும். ஆனால் நான் பல்லைப் போட்டுக்கொண்ட பிறகு கேட்கச் சொல். இந்தப் பல்லோடு எதற்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது.

புதன்கிழமை வாருங்கள். எனக்கு விடுமுறை, அவனுக்கு இப்போது எல்லா நாளும் விடுமுறை. அந்த மலைப் பாதையில் மாலையில் தரை உறைந்துவிடும், விடிந்து வெயில் ஏறியதும் கிளம்பச் சொல். பனி டயர் மாட்டியிருக்கிறானா என்று கேள். மாட்டியிருந்தால் பழசா புதுசா என்றும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா
கொமத்சு மசனோரி