நிறுத்திவைத்த ஊசி

வியாழன் இரவு, மைசூர்.

தங்கை ஸ்டெல்லாவுக்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி. திங்களன்று ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதாக இருந்தது. ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் உள்ள ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார்த்த டாக்டர் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார். ஹார்மோனைக் கொட்டும் வகைக் கட்டியாக இருக்கலாம் என்று அது சந்தேகப்பட்டதாம். அப்படியானால் ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் எகிறி உயிரே போகலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. புள்ளியியல் கற்றுத்தருகிறவள் நான். இந்த மாதிரி ஊகங்கள் எவ்வளவு தடுமாறும் என்று தெரியும்.

அந்த ஹார்மோனை அளக்க, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்து லேபுக்கு எடுத்துப் போனோம். "ஆட்டோக்காரர் தேனான்னு கேக்கறார்க்கா, என்ன சொல்லட்டும்?" என்று ஸ்டெல்லா வழியெல்லாம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இன்று முடிவு வந்தது. சந்தேகம் சரிதான். முதலில் மாத்திரை, அழுத்தம் அடங்கியபின் ஆபரேஷன். பயமில்லை என்றார் டாக்டர்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அந்தக் கம்ப்யூட்டர் எத்தனை தடவை தப்பாச் சொல்லியிருக்கு?" என்று வந்தது.

டாக்டர் கொள்ளேகால்காரர், தமிழ் பேசுவார். கோபப்படவில்லை. "நெறையங்க மேடம். அதனாலதான் அதை அப்படியே நம்பாம டெஸ்ட் எடுத்தேன். ஆனா அது சொல்லாட்டி எனக்கும் தோணியிருக்காதுங்க."

"உன்னவிடச் சந்தேகக்காரர் கெடச்சுட்டார்க்கா" என்றாள் ஸ்டெல்லா.

எந்த டாக்டரும் எனக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த அறையில் அவள் குறட்டை விடுவது கேட்கிறது. நன்றி, டாக்டர்.