தேவாலயத்துக்கு மேலே ஏழு வீடுகள்

சார்ப்ரூக்கன், ஜெர்மனி, செப்டெம்பர் 2009

அம்மா,

இன்று காலை வாக்களிக்கப் போனேன். பள்ளிக்கூட வகுப்பறை, அட்டைத் தடுப்பு, நூலில் கட்டிய பென்சில். அச்சடித்த பெயர்களுக்கு எதிரே புள்ளடி போடுவதைத் தவிர அங்கே செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எல்லைக்கு அப்பால், உங்கள் பிரெஞ்சுக் கிராமத்தில், வாக்குச்சீட்டில் உள்ள பெயரை வெட்டலாம். போட்டியிடாத ஒருவரின் பெயரைக் கையால் எழுதலாம். அப்படி எழுதப்பட்ட பெயர் உங்களுடையது.

வீடு மலிவு என்றுதான் அங்கே குடிபோனோம். உங்களுக்கு வேலை ஜெர்மனியில், முதியோர் இல்லச் சமையலறையில், உறக்கம் பிரான்சில். ஓடையும் தேவாலயமும் மேயர் அலுவலகமும் கீழே. பாலம் கடந்து ஏறினால் காட்டோரமாக ஏழு வீடுகள், கடைசி எங்களுடையது. பனி அள்ளும் வண்டி தேவாலயத்தோடு திரும்பிவிடும். மாவட்டத்தின் வீதி அங்கே முடிகிறது. அதற்கு மேல் கிராமத்தின் வீதி. கிராமத்திடம் வண்டி இல்லை.

போன வருடத் தேர்தலுக்கு முந்திய குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு இவோனின் கால்புண்ணுக்கு மருந்து கட்ட வரும் தாதி ஏற முடியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரிந்த அளவில் நீங்கள் கட்டினீர்கள். புண் பழுத்து, இவோனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் அவர், அந்த எல்லையோர முதியவர்கள் பேசும் பழைய வட்டார ஜெர்மனில் சொன்னார்: "கிராம சபையில் மேல்வீட்டுக்காரர் ஒருவருமில்லை. மார்ச் தேர்தலில் உன் பெயரைத்தான் எழுதப் போகிறோம்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "விசரே இந்த மனிசிக்கு? என்ர பிரெஞ்சைக் கேட்டால் மாடும் கயிறறுத்துக்கொண்டு ஓடும்."

"உங்களிட்டை ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்குத்தானே, உறுப்பினரா வர ஏலும் அம்மா. மேயரா மட்டும் வர ஏலாது."

"அது நல்லது. மேயர் தோளில போடுற மூவர்ணப் பட்டி சீலைக்கு மேல வடிவா இராது."

சீட்டுகளை உரத்து வாசித்து எண்ணுவது அங்கே வழக்கம். உங்கள் நீளப் பெயரில் மேயர் முதலில் இடறினார். அந்த ஞாயிறு வாக்குகள் போதவில்லை. அடுத்த ஞாயிறு, இரண்டாம் சுற்றில், கீழ்வீடுகளும் எழுதின. இவோனை அவர்களுக்கும் தெரியும். முடிவில் மேயர் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

உறுப்பினரானதும் சபையில், பனி அள்ள ஒரு விவசாயியின் உழவு இயந்திரத்தை அமர்த்தக் கேட்டீர்கள். "ஏழு வீட்டுக்காகவா?" என்றார் ஓர் உறுப்பினர். நீங்கள் ஜெர்மனில் கொடுத்த பதிலை வயதானவர்கள் இளையவர்களுக்கு மொழிபெயர்த்தார்களாம். வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினீர்கள்: "வரி எடுக்கேக்கை மட்டும் பாலம் தாண்டி வாறியள். பனி அள்ளவும் வாங்கோவன்." சிரித்துவிட்டுக் கை உயர்த்தினார்களாம்.

டிசம்பரில் இயந்திரம் ஏறியது. அதன் பின்னால் தாதியின் கார். "பாத்தியே பிள்ளை, ஏறுது," என்றீர்கள். வேலைக்குப் பிந்தியும் யன்னலை விட்டு நகரவில்லை.

இந்த வசந்தத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது. சபை இந்தக் குளிர்காலத்துக்கும் அதே விவசாயியை அமர்த்தியிருக்கிறது என்று இவோன் தொலைபேசியில் சொன்னார்.

என்னைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை, உங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றிக் கேட்பவர்கள், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நீங்கள் அகதியாக வந்திறங்கிய கதைக்காகக் காத்திருப்பார்கள். அது பிறகு. "என் அம்மா பிரான்சில் ஒரு கிராமத்தின் சபை உறுப்பினர்," என்றுதான் தொடங்குகிறேன்.