எழுதியதைத் திரும்பப் படிக்கும் வேலை

மார்ச் 4, 1985, திங்கள்

இன்றும் போயிற்று. காலையில் பிளாப்பியில் எழுதி வைத்தேன்; சாப்பிட்டுவிட்டு வந்து அதைத் திறந்தால் பாதி எழுத்து, பாதி குப்பை. அதே பிளாப்பி. அதே டிரைவ். என் டாஸில் நேற்றிலிருந்து ஒரு வரி மாறவில்லை.

இந்த லட்சணத்தில் முதலாளி ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நம்ம கம்ப்யூட்டருக்கு இவர் பிளாப்பி டிரைவைச் செய்யறார். எதை எங்க எழுதணும், எங்கேர்ந்து எடுக்கணும்னு அந்த டிரைவுக்குச் சொல்ற டாஸ் இவங்க எழுதறாங்க. புருஷன் பொண்டாட்டி! ஆபீஸ்ல முடியாததை வீட்டுக்குப் போய் பேசி முடிச்சுடுவாங்க."

விருந்தாளி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 5

மறுபடியும்.

மார்ச் 8, வெள்ளி

"டிரைவ்ல ஒண்ணும் இல்ல. நான் பத்து தடவை பாத்துட்டேன். உன் ப்ரோகிராம்தான்."

"என் ப்ரோகிராம்னா எல்லா தடவையும் கெடணும். எப்பவாவது கெட்டா அது மெஷின்."

இதையே வேறு வேறு வார்த்தைகளில் தட்டில் சோறு ஆறும் வரை பேசினோம். அத்தை, இவருடைய அம்மா, தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தத்துக்கு நடுவே வார்த்தையைப் பிடிக்கிற காது. "ரெண்டு பேரும் அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. யாரும் வாங்கல" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இவர் செய்த பொருளை இவரால் சந்தேகப்படவே முடியாதா? நான் மட்டும் என்ன, என் வேலையைச் சந்தேகப்பட்டேனா என்று கேட்டால் — கேட்கட்டும். பட்டேன். வரிவரியாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 11, திங்கள்

டாஸில் புதிதாக ஒன்று சேர்த்தேன். பிளாப்பியில் எழுதி முடித்ததும் அதையே திரும்பப் படித்து ஒத்துப்பார்க்கும். ஒத்துவராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் திரையில் சொல்லும்: "எழுதியது பதியவில்லை. இந்த பிளாப்பியை நம்ப வேண்டாம். வேறு போடவும்."

முதலாளிக்குக் காட்டினேன். அவர் கண்ணெதிரிலேயே அந்த வரி வந்து நின்றது.

"என்னம்மா இது? காசு குடுத்து வாங்கினவன் இதைப் பாத்தா பயந்துட மாட்டானா?"

"பயப்படட்டும் சார். பயந்தாதான் வேற பிளாப்பியில எழுதி வெப்பான்."

"அதுவும் இல்லாம மெதுவா வேற போகுது. எழுதினதைப் படிச்சுப் பாக்கறதெல்லாம் எடுத்துடுங்க. மாச கடைசியில கண்காட்சி. அங்க வேகமா ஓடணும். வாயை மூடிக்கிட்டு ஓடணும்."

அதாவது, எழுதாமலே எழுதிவிட்டேன் என்று என் டாஸ் பொய் சொல்ல வேண்டும். ஒருத்தர் மாதக்கணக்கில் தட்டியதைத் தின்றுவிட்டு ஏப்பம்கூட விடக்கூடாது.

இவர் பக்கத்தில்தான் நின்றார். எனக்காக ஒரு வார்த்தை? கிடையாது. "இப்போதைக்கு எடுத்துடலாமே" என்றார். அந்த வரி வரும்போதெல்லாம் எல்லாரும் டிரைவைத்தானே பார்க்கிறார்கள், அதனால்.

முதலாளி சொன்னதுகூட வலிக்கவில்லை.

மார்ச் 12

பேசவில்லை. அவரும்.

மார்ச் 14, வியாழன்

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. ஆபீஸ் மேஜையில் அவர் சோதிக்கும்போது டிரைவ் ஒழுங்காக ஓடுகிறது. என் அறையில் இருக்கும் மெஷின் கெடுக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கும் மெஷின் அதைவிட மோசம். வீட்டில் அதில் தட்டுவது அத்தை. தந்தி அடித்த விரல், நிற்காமல் ஓடும். இவர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து, என்னைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னார்: "அம்மா ரொம்ப வேகமா அடிக்கறாங்க."

"வேகமா அடிச்சா கெட்டுப்போறதுக்கு இது என்ன வெண்டைக்காயா?" என்றார் அத்தை.

நான் சிரித்துவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் கூடத்துக்கு வந்தால் அத்தை கம்ப்யூட்டர் மேல் தடித் துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். தூசி படக்கூடாதாம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது!

"அத்தை! ஓடற மெஷினை யாராவது மூடுவாங்களா?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதே. மூடினது தப்புன்னா எடு. அதுக்கு ஏன் ஊரைக் கூட்டற?"

துணியை இழுத்து எறிந்து பெட்டியில் கை வைத்தேன். சுட்டது. உடனே ஒரு பைலை எழுதச் சொன்னேன். பதியவில்லை. மறுபடி. பதியவில்லை. திருகுகளைக் கழற்றி மேல்மூடியை எடுத்துவிட்டு, ஆறவிட்டு எழுதினேன். பதிந்தது. மூடினேன், காத்திருந்தேன் — போச்சு.

அப்போதுதான் உறைத்தது. ஆபீஸ் மேஜையில் இவருடைய டிரைவ் எப்போதும் திறந்த மேனியாகத்தான் கிடக்கும். மூடி போட்டு அவர் ஓட்டியதே இல்லை.

இவரைக் கூப்பிட்டேன். நாலு நாளைக்கு அப்புறம் நான் சொன்ன முதல் வார்த்தை: "கை வெச்சுப் பாருங்க."

வைத்தார். கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மீட்டரை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். நான் எழுதச் சொல்ல, அவர் அளந்தார். சூடு ஏற ஏறச் சுற்றும் வேகம் குறைகிறது, நொடிக்கு நொடி தடுமாறுகிறது. ஒரு வேகத்தில் எழுதியதை வேறு வேகத்தில் படித்தால் குப்பைதான்.

"என்னோடதுதான்" என்றார், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

ஜெயித்துவிட்டேன். ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 17, ஞாயிறு

அவரிடம் கேட்டேன்: "நாளைக்கு முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

மார்ச் 18, திங்கள்

கூட்டம். நான் வாய் திறப்பதற்குள் முதலாளி, "அந்தப் படிச்சுப் பாக்கறதை எடுத்தாச்சா?" என்றார்.

"எடுக்கல சார்."

"ஏன்மா சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

இவர் எழுந்தார். கூட்டங்களில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. "சார், டிரைவ் என்னோடது. சூடானா வேகம் குறையுது. நம்ம பெட்டியில காத்து போக வழி இல்ல. இவ எழுதினது சரி. அது கண்டுபிடிச்சு சொன்னதாலதான் நமக்கே தெரிஞ்சுது."

பெட்டி முதலாளியே உட்கார்ந்து வரைந்தது. ஓட்டையே இல்லாத வழவழப்பு, அவருக்குப் பெருமை. முகம் சிவந்துவிட்டது. "அப்படின்னா அடுத்த தடவையிலேர்ந்து டிரைவை வெளியிலேர்ந்தே வாங்கிக்கறேன். உங்க டிரைவ் வேண்டாம்."

இவர் உட்காரவில்லை. எத்தனை வருஷ உழைப்பு அது.

"வாங்கிக்குங்க சார். அப்பவும் எழுதினதைப் படிச்சுப் பாக்கறது இருக்கணும். அதை எடுத்தா நாங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்."

என்னைக் கேட்காமலே என் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டார்! வேறு நாளாக இருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

முதலாளி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "பின்பக்கம் மட்டும் ஓட்டை போடுங்க. முன்னாடி போட்டா கொன்னுடுவேன்" என்றார்.

மார்ச் 22

நாள் முழுக்க ட்ரில்லிங் சத்தம். தலைவலி. மூடி போட்டு ஓட்டினோம், கெடவில்லை.

மார்ச் 30, சனி

கண்காட்சியில் முதலாளி எல்லாரிடமும் பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார்: "காத்தோட்டம் நம்ம ஐடியா!"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

அடுத்த தொகுதிக்கு வெளி டிரைவ் வந்து இறங்கிவிட்டது. இவருக்கு இனி பவர் சப்ளை வேலை. தன் சாமான்களை அவரே அட்டைப் பெட்டியில் போட்டு ஓரம் கட்டினார். உதவப் போனேன். "வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்றார். கோபமாக இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 12, புதன்

ஆபீசுக்கு ஒரு போன். முதல் தொகுதியில், இவருடைய டிரைவ் உள்ள மெஷினை வாங்கிய நில அளவையாளர்.

"என்னம்மா, பொட்டி வாங்கினா அது என்னையே அதட்டுது! நம்பாதே, வேற போடுங்குது. மரியாதையா சொல்லத் தெரியாதா அதுக்கு?"

"வேற போட்டீங்களா சார்?"

"போட்டேன். போடாம? ரெண்டு வருஷம் வயல் வரப்பெல்லாம் நடந்து அளந்த கணக்கும்மா. எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பேச்சை மாத்துங்க."

மாற்றுகிறேன் என்றேன். வைப்பதற்குள் இன்னும் மூன்று குறை சொன்னார். வேறு ஒருவர் இப்படித் திட்டியிருந்தால் நாள் முழுக்கப் புலம்பியிருப்பேன்; அவர் கணக்குத்தான் பிழைத்துவிட்டதே.

அந்தக் கெட்டுப்போன பிளாப்பியைச் சாயங்காலமே அவர் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தோம். ஓரத்தில் ஒரு கீறல்.

வீட்டில் சொன்னேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர், "டிரைவ்?" என்றார்.

"டிரைவ் நல்லா இருக்கு. பிளாப்பிதான் போச்சு."

ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து மெல்லிய விசில் கேட்டது. சுருதியே சேரவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.