கொஞ்சம் தள்ளி நில்லுங்க

இன்று காலை படச்சுருள் ஒன்று அறுந்துவிட்டது. கொக்கிப்புழுவைப் பற்றிய சுகாதாரப் படம். எத்தனை தோட்டங்களில் ஓட்டியிருப்பேனோ, ஓரத்துத் துளைகளெல்லாம் பிய்ந்து கிடக்கின்றன. அறுந்த நுனிகளைச் சுரண்டிவிட்டு ஒட்டுப்பசைப் புட்டியைத் திறந்தேன். அழுகப்போகிற வாழைப்பழம் போன்ற அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. சென்னையில் மூன்று வருடம் நாம் இந்த நெடிக்குள்தானே உட்கார்ந்திருந்தோம்? "இத மோந்தாலே பாதிப் பசி போயிருதுடா" என்பாய். நீ போய் ஐந்து மாதமாகிறது. உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றை நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

உன்னை முதன்முதலில் பார்த்தது தலைமன்னாரில், கப்பலுக்கு நின்ற வரிசையில். என் அப்பா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஆலையைக் கவனிக்கும் டீ மேக்கர். எப்படியோ எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. அதனால் என் கையில் பாஸ்போர்ட். அக்கரப்பத்தனையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத உன் கையில் நாலாக மடித்த ஒரு தாள். இத்தனை மாதத்துக்குள் திரும்பி வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி அந்தத் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "எதுக்குப் போற?" என்றார். "சினிமா படிக்கங்க" என்றாய். அவர் சிரித்தார். வரிசையும் சிரித்தது. நானும் அதே படிப்புக்குத்தான் போகிறேன் என்பதை வாய் திறந்து சொல்லாமல் நின்றேன். கப்பலில் ஏறிய பிறகுதான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப பரவாயில்ல, ரெண்டு பைத்தியம்" என்றாய்.

கல்லூரியில் நீ ஒளிப்பதிவு, நான் ஒலிப்பதிவு. பட்டப்படிப்பில் சினிமாவைச் சேர்த்துப் பாடம் நடத்துவது அப்போது அவர்களுக்கே புதிது. எந்த வகுப்புக்கு எந்த அறை என்று பாதி நாள் தெரியாது. இருந்த ஒரே கேமராவை இருபது பேர் முறை வைத்துத் தொட்டோம். உன் முறை வரும்போது மட்டும் நீ எதையும் படமெடுக்காமல் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாய். பேராசிரியர் "என்னப்பா தேடுற?" என்பார். "எது உள்ள வருது, எது வெளிய போகுதுன்னு பாக்குறேன் சார்" என்பாய்.

இரண்டாம் வருட விடுமுறையில்தான் அது நடந்தது. சென்னைக் கம்பெனி ஒன்று பாட்டுக் காட்சி எடுக்க நம் மலைக்கு வந்தது. ஊர்க்காரப் பையன்கள், உதவியாக இருப்பார்கள் என்று பேராசிரியர் நம் இருவரையும் அவர்களோடு சேர்த்துவிட்டார். படப்பிடிப்பு உன் தோட்டத்திலேயே என்று தெரிந்ததும் உன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். முதல்நாள் உன் வீட்டில்தான் தங்கினோம். உன் அம்மா ரொட்டி சுட்டு, காய்ந்த மிளகாய்ச் சம்பல் அரைத்து வைத்து, நான் போதும் போதும் என்றாலும் கேட்காமல் தட்டை நிரப்பினார்.

மறுநாள் மலைச்சரிவில் கதாநாயகி வந்து நின்றாள். பட்டுத் தாவணி, பளபளவென்று சாயம் பூசிய சின்னக் கூடை. பின்னால் நிற்க நிஜமாகக் கொழுந்து பறிக்கும் பத்துப் பதினைந்து பெண்களை, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அனுப்பியிருந்தார். அதில் உன் அம்மாவும் இருந்தார். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கயிறு மாட்டிய பெரிய கூடை. வேலைநாளில் எப்படி இருப்பாரோ அப்படி.

தொப்பி போட்ட டைரக்டர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த ஓரத்துல நிக்கிற அம்மாவ எடுத்துடுப்பா. முகம் ரொம்ப வாடிக் கெடக்கு. பாட்டுக்கு ஒத்துவராது."

உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். அது யாரென்று அவருக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் வெளியூர்க்காரர்களில் தெரிந்தவன் நான் ஒருவன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலை வாதுகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனாய். அம்மாவுக்கு நாலடி முன்னால் நின்று, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய்.

"சரிங்கய்யா" என்றார் உன் அம்மா.

பெற்ற பிள்ளையைப் பார்த்து. துரையிடமும் கண்டாக்கிடமும் சொல்கிற அதே குரலில். மற்றப் பெண்கள் குனிந்துகொண்டார்கள். அவர் கூடையோடு கீழே இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். பாட்டைப் போட்டார்கள். கதாநாயகி ஒரு கொழுந்தை மூன்று விரலால் கிள்ளிச் சிரித்தாள்.

மாலையில் லயத்துக்குப் போனால் எதுவுமே நடக்காதது போல் அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறது. "படம் நல்லா வந்துச்சுங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். நீ தலைகுனிந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றாய். நான் என் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

பாதையில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா? எங்க அம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?"

"அந்தப் படத்துல எங்கம்மா மொகம் இருக்க வேணாம்னு நெனச்சேன். அவனுங்க அலங்காரத்துக்கு அவங்க எதுக்கு?" என்றாய்.

நான் நம்பிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது கப்பலில், நான் ஒன்றும் கேட்காதபோதே, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "பயந்துட்டேன்டா. வேற ஒண்ணுமில்ல." எதற்குப் பயம், டைரக்டருக்கா, ஊருக்கா, உன் அம்மாவுக்கா என்று கேட்டேன். நீ எழுந்து போய்விட்டாய். இந்த இரண்டில் எது நிஜம்? இரண்டுமே நிஜமாக இருக்க முடியுமா? அன்றிலிருந்து நம் பேச்சில் ஏதோ குறைந்துபோனது.

மூன்றாம் வருடம் ஆளுக்குப் பத்து நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் பட்டம். நீ தேயிலை மலையைத்தான் எடுக்க எழுதி வைத்திருந்தாய். அதற்குள் உன் தாளில் போட்டிருந்த தவணை முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போனவனை இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்கு அனுப்பியது, அந்த அலுவலகம் இந்த அலுவலகத்துக்கு. இலங்கைக்காரன் இல்லை என்றது ஒன்று. இந்தியாக்காரன் இல்லை என்றது மற்றது. கடைசியில், கல்லூரி கொடுத்த பிலிம் டப்பாவை முத்திரை உடைக்காமல் பேராசிரியர் மேசையில் வைத்தாய். "எடுக்க வேண்டிய ஆள் இங்க இல்ல சார்." வேறு எதையாவது எடு என்று அவரும் கெஞ்சினார், நானும் கெஞ்சினேன். பட்டத்தை விட்டுவிட்டு ஸ்டுடியோவில் விளக்குத் தூக்கப் போனாய். நான் பட்டத்தோடு ஊருக்கு வந்து, தோட்டம் தோட்டமாகச் சுகாதாரப் படம் காட்டும் இந்தப் படவண்டியில் சேர்ந்தேன். உன்மேல் எனக்கு அப்போது வந்தது கோபமா, மரியாதையா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு சென்னையிலேயே உனக்குக் காய்ச்சல். நாலு நாள் என்றார்கள். தந்தி தோட்டத்துக்கு வந்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்துவிட்டிருந்தார்கள். முன்பே வந்திருந்தாலும் உன் அம்மாவால் கடல் தாண்டிப் போயிருக்க முடியாது. அவரிடம் அந்த மடித்த தாள்கூட இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு ஒருநாள் தனியாகப் போயிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கேட்டுவிட்டேன். "அன்னக்கி அவன் தள்ளி நில்லுங்கன்னு சொன்னப்ப நீங்க 'சரிங்கய்யா'ன்னு சொன்னீங்களேம்மா, வருத்தமா இல்லையா?"

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "அவனுக்கா சொன்னேன்? பின்னால தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் நின்னாரே, அவருக்குத்தானே சொன்னேன்" என்றார். பிறகு, "காலையிலேருந்து கால் கடுத்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. எம்புள்ள பாத்துட்டுத்தான் போய் உக்காரச் சொல்றான்னு நெனச்சேன்" என்றார்.

அவர் கண் என் முகத்தில் இல்லை, அடுப்பில் இருந்தது. உண்மையைத்தான் சொன்னாரா? நீ இறந்த பிறகும் உன்னை என்னிடமிருந்து காப்பாற்றினாரா? அல்லது இத்தனை வருடமாக நான்தான் தப்பாகப் பார்த்துக்கொண்டு, உன்னையும் அப்படியே பார்க்க வைத்தேனா? டைரக்டர் உன் பின்னால் நின்றாரா, கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றாரா என்று யோசித்து யோசித்து, இப்போது அந்தச் சரிவுகூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நீ எதைச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

போன வாரம் ஒரு தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் திரையைக் கட்டிப் படம் ஓட்டினேன். வேலை முடிந்து வந்த ஒரு வயதான அம்மா, கூடையைக்கூட இறக்காமல், வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டார். திரையில் பாதி அவர் நிழல். பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். டிரைவர் அவரிடம் போகப் பார்த்தார். நான் டிரைவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். படத்தை நிறுத்தி, எந்திரத்தை மேசையோடு சேர்த்து ஓரடி நகர்த்தி, திரும்பவும் ஓட்டினேன்.

"ஒரு வார்த்த சொன்னா போயிருப்பாங்கல்ல சார்?" என்றார் டிரைவர்.

போயிருப்பார். எனக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வருவதில்லை.